வகுப்பில் நான் சொன்ன ஒரு பிழையும் ஏழு புத்தகங்களும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது முழுதாக வாசியுங்கள். பாதியில் விட்டுவிட்டுக் கருத்துப் போட வேண்டாம் என்று அன்பாகக் கேட்டுக்கொள்கிறேன்.

போன தவணை தரம் 10 வகுப்பில் நான் ஒரு பிழை விட்டேன். அடுத்த கிழமை அதே வகுப்பில் திருத்தியும் விட்டேன். ஆனால் ஒரு ஆசிரியர் சொன்னது வகுப்போடு நிற்பதில்லை. அன்று பின்னேரமே தெல்லிப்பழையில் பல வீடுகளுக்கு அது போயிருக்கும். பிழை போன இடத்துக்கெல்லாம் திருத்தமும் போகவேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

நான் படிப்பிப்பது வரலாறு, சமயம் அல்ல. அன்று லூதரைப் பற்றிய பாடம். முன் வாங்கில் இரண்டு பிள்ளைகள். ஒருத்தி இளவாலைப் பக்கம், கத்தோலிக்கப் பிள்ளை. மற்றவள் அமெரிக்கன் மிஷன் வழி வந்த சபையைச் சேர்ந்தவள். இரண்டு பேரும் நல்ல கூட்டாளிகள். முதல் நாளே தங்களுக்குள் ஏதோ வாக்குவாதப்பட்டிருக்கிறார்கள். அன்று இரண்டு பைபிளையும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள்.

"சேர், இவளின்ர பைபிளில 66 புத்தகம். என்ரயில 73. ஏன் சேர் ஏழு புத்தகத்தை எடுத்தவை?"

"எடுக்கேல்லை சேர், நீங்கள்தான் கூட்டினீங்கள் எண்டு எங்கட அம்மம்மா சொன்னவ" என்றாள் மற்றவள்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்திருக்கலாம். "தேடிப் பார்த்து நாளைக்குச் சொல்லுறன்" என்று விட்டிருக்கலாம். அதைச் செய்யாமல் பெரிய ஆள் மாதிரி ஒன்று சொன்னேன். "ஏழு மட்டுமில்லை. பர்னபா சுவிசேஷம் எண்டு ஒண்டு இருந்தது. 325ஆம் ஆண்டு நைசியா மாநாட்டில அதை ஒளிச்சுப் போட்டினம். அதுதான் உண்மையான சுவிசேஷம்."

இரண்டு பிள்ளைகளும் ஒன்றும் பேசவில்லை. மணி அடித்தது.

மறுநாள் இளவாலைப் பிள்ளை ஒரு துண்டுக் கடிதம் கொண்டுவந்து தந்தாள். அவளுடைய அப்பப்பா எழுதியது. கோபமாக ஒரு சொல்லும் இல்லை. நீங்கள் சொன்ன சுவிசேஷத்தையும் மாநாட்டுத் தீர்மானத்தையும் எந்த நூலில் பார்க்கலாம் என்று சொன்னால் நானும் வாசிக்க விரும்புகிறேன் என்று மட்டும் எழுதியிருந்தார். அதிபரிடம் போய் முறையிட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சுட்டிருக்காது.

ஏனென்றால், என்னிடம் நூல் இல்லை. இருந்தது ஒரு நினைவு மட்டும்தான்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் ஆட்கள் வெளியேற்றப்பட்டபோது நான் சின்னப் பிள்ளை. இரண்டு மணித்தியால அவகாசம். பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டில். அங்கே யாரோ கொண்டுவந்து தந்த ஒரு சின்னப் புத்தகத்தில்தான் பர்னபா கதையைப் படித்தேன். உண்மையான வேதத்தை அதிகாரத்தில் இருந்தவர்கள் ஒளித்துவிட்டார்கள் என்று அதில் இருந்தது. வீடு, தெரு, பள்ளிக்கூடம் எல்லாம் ஒரு பகலில் பறிபோன பிள்ளைக்கு அந்தக் கதை உடனே பிடித்துப்போயிற்று. பலமுள்ளவர்கள் உண்மையைத் துரத்துவார்கள் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. முப்பது வருசத்துக்கு மேலாக அதை நான் ஒரு தரமும் சரிபார்த்ததில்லை.

கடிதம் கிடைத்த இரவே தேடத் தொடங்கினேன். 

முதலில் அந்த ஏழு புத்தகங்கள். தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு. இவை ஈஸா நபி (அலை) காலத்துக்கு முந்திய யூத சமூகத்தின் நூல்கள். அலெக்சாந்திரியா போன்ற ஊர்களில் வாழ்ந்த, கிரேக்கம் பேசிய யூதர்கள் தங்கள் வேதத்தைக் கிரேக்கத்தில் படித்தார்கள். அந்தத் தொகுப்போடு இந்த நூல்களும் சேர்ந்து வந்தன. ஆரம்பகாலக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் படித்தது அந்தக் கிரேக்க வேதம்தான். எபிரேய மொழியில் வேதம் படித்த யூதர்களோ இவற்றைத் தங்கள் வேதத்தில் சேர்க்கவில்லை. ஆக, முதல் நாளிலிருந்தே ஒரே குடும்பத்தில் இரண்டு அலுமாரி.

நாலாம் நூற்றாண்டின் கடைசியில் வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம், எபிரேய அலுமாரியில் இல்லாதவற்றுக்கு அதே இடம் கொடுக்கத் தயங்கினார். ஆனால் திருச்சபையில் அவை தொடர்ந்து வாசிக்கப்பட்டன. 1534இல் வெளிவந்த லூதரின் ஜெர்மன் பைபிளிலும் அவை இருந்தன. அவர் தூக்கி எறியவில்லை. வேதத்துக்குச் சமம் இல்லை, வாசிக்க நல்லவை என்று சொல்லி, பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் தனியாக வைத்தார். 1546இல் கத்தோலிக்கர் திரெந்து சங்கத்தில் அவை வேதமே என்று உறுதிப்படுத்தினார்கள். 1611இல் வந்த ஆங்கில பைபிளிலும் அவை இருந்தன.

அப்படியென்றால் எப்போது காணாமல் போயின? பெரிய காரணங்களில் ஒன்று, ஒரு செலவுக் கணக்கு. வெளிநாடுகளுக்கு பைபிள் அச்சிட்டு அனுப்பிய பிரித்தானிய வேதாகமச் சங்கத்துக்குள் சண்டை வந்தது. ஸ்கொட்லாந்துக்காரர், நாங்கள் வேதத்துக்கென்று தரும் காசில் வேதமில்லாததை ஏன் அச்சடிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். 1826இல் சங்கம் முடிவெடுத்தது, இனி அந்த நூல்களுக்குக் காசு இல்லை என்று. அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழைக்கு வந்து பத்து வருசம்தான் ஆகியிருந்தது. பிறகு பேர்சிவல் பாதிரியாரோடு நம்முடைய ஆறுமுக நாவலர் இருந்து வேலை செய்த மொழிபெயர்ப்பு, 1850இல் சென்னையில் அச்சானது. அது வேதாகமச் சங்கங்களின் ஆதரவில் நடந்த வேலை. அதனால் 66 புத்தகங்களின் வழியில் போனது.

இன்னொன்று எனக்கே ஆச்சரியம். தமிழில் பைபிள் முதன்முதலில் முழுதாக வந்தபோது அந்த நூல்கள் இருந்தன. தரங்கம்பாடியில் சீகன்பால்க் தொடங்கிய வேலையை சூல்ட்சே முடித்தார். 1728இல் அச்சான கடைசிப் பகுதியில் இவையும் அடக்கம். அவர்கள் கத்தோலிக்கர் அல்ல, லூதரின் வழியினர். அதனால் அந்தப் பிள்ளையின் அம்மம்மா சொன்னதும் முழுதாகச் சரியில்லை, இந்தப் பிள்ளை சொன்னதும் முழுதாகச் சரியில்லை. ஒருவர் கூட்டவும் இல்லை, ஒரே இரவில் ஒருவர் எடுக்கவும் இல்லை.

பெயரைப் பாருங்கள். சபைக்காரர் இந்த நூல்களைத் தள்ளுபடி ஆகமங்கள் என்பார்கள். 1995இல் வந்த திருவிவிலியத்தில் கத்தோலிக்கர் இணைத் திருமுறை என்கிறார்கள். பொருள் ஒன்றுதான். ஒரு வீட்டில் தள்ளுபடி, அடுத்த வீட்டில் இணை.

இரண்டாவது, புதிய ஏற்பாடு. நைசியா மாநாட்டில் எந்தப் புத்தகத்தை வைப்பது, எதை எரிப்பது என்று வாக்கெடுத்தார்கள் என்பது நான் மட்டும் சொன்ன பிழை அல்ல. நாவல் படித்தவர்களும் வட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். நைசியாவில் பேசப்பட்டது ஏரியஸ் என்ற குருவின் போதனை, ஈஸ்டர் நாளைக் கணிப்பது போன்ற விடயங்கள். வேதநூல் பட்டியல் எதுவும் அங்கே போடப்படவில்லை.

பட்டியல் மெதுவாகத்தான் உருவானது. ஏறத்தாழ 180ஆம் ஆண்டளவிலேயே இரனேயு என்ற ஆயர், சுவிசேஷங்கள் நாலுதான் என்று வாதாடுகிறார். இன்றுள்ள 27 நூல்களும் அப்படியே அடங்கிய பட்டியல் முதலில் கிடைப்பது 367இல், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியு எழுதிய ஈஸ்டர் கடிதத்தில். இடைப்பட்ட காலத்தில் எபிரேயர் நிருபம், வெளிப்படுத்தல், பேதுருவின் இரண்டாம் நிருபம் போன்றவை பற்றிக்கூட ஊருக்கு ஊர் சந்தேகம் இருந்தது.

அவர்கள் பார்த்தது பெரும்பாலும் மூன்று விடயம். இது அப்போஸ்தலர் காலத்தோடு சம்பந்தப்பட்டதா? ஒரு ஊரில் மட்டுமல்லாமல் பல ஊர்ச் சபைகளில் வாசிக்கப்படுகிறதா? கைமாறி வந்த விசுவாசத்தோடு ஒத்துப்போகிறதா? எர்மாவின் இடையர் என்று ஒரு நூல். பலர் விரும்பிப் படித்தது. நாலாம் நூற்றாண்டுப் பழைய பைபிள் பிரதி ஒன்றில் அதுவும் சேர்ந்தே இருக்கிறது. ஆனால் ஒரு பழைய பட்டியல் அதைப் பற்றிச் சொல்வது, இது அண்மையில் எழுதப்பட்டது, தனியே படியுங்கள், சபையில் வாசிக்க வேண்டாம் என்று. விலக்குவது என்றால் எல்லா நேரமும் எரிப்பது அல்ல. பாடப்புத்தகம் வேறு, வாசிகசாலைப் புத்தகம் வேறு என்று நாங்கள் பிரிப்பதில்லையா? அதே மாதிரி.

உண்மையில் அழுத்தி ஒழிக்கப்பட்டவையும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. 1945இல் எகிப்தில் நாக் ஹம்மாதிக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் ஒரு சாடியில் கிடைத்த நூல்களில் தோமாவின் சுவிசேஷமும் ஒன்று. யாரோ அவற்றைப் பத்திரமாக மூடிப் புதைத்திருக்கிறார்கள். வேறு சில நூல்கள் ஒரு நாட்டில் விலக்கப்பட்டு இன்னொரு நாட்டில் வாழ்கின்றன. ஏனோக்கின் புத்தகம் எங்கள் ஊர்ப் பைபிள் எதிலும் இல்லை. எத்தியோப்பியக் கிறிஸ்தவர்களின் பைபிளில் இன்றைக்கும் இருக்கிறது.

மூன்றாவது, நான் சொன்ன பர்னபா.

சுருக்கமாகச் சொல்கிறேன். அது பைபிளிலிருந்து விலக்கப்படவில்லை. விலக்குவதற்கு அந்தக் காலத்தில் அது இருக்கவே இல்லை. ஒரு பழைய பட்டியலில் பர்னபா பெயரில் ஒரு சுவிசேஷம் குறிப்பிடப்படுவது உண்மை. அதன் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. பர்னபாவின் நிருபம் என்ற பழைய நூல் வேறு. இன்று நம் கையில் சுற்றும் பர்னபா சுவிசேஷத்தின் மூலம், வியன்னாவில் இருக்கும் ஓர் இத்தாலியக் கையெழுத்துப் பிரதி. அது 16ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது என்று ஆய்வாளர் சொல்கிறார்கள். 1907இல் ஆங்கிலத்திலும் அடுத்த வருசம் கெய்ரோவில் அரபியிலும் வந்தபிறகுதான் எங்கள் ஆட்களிடம் பரவியது.

ஆங்கிலப் பிரதியை நானே எடுத்து வாசித்தேன். அதில் ஈஸா நபி படகில் ஏறி நாசரேத்துக்குப் போகிறார்கள். நாசரேத்து மலைப்பாங்கான ஊர். யூபிலி ஆண்டு நூறு வருசத்துக்கு ஒருமுறை வருவதாக இருக்கிறது. யூதர்களுக்கு அது ஐம்பது வருசத்துக்கு ஒருமுறை. நூறு என்பது 1300இல் ஒரு பாப்பரசர் போட்ட கணக்கு. இவை போகட்டும். எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது வேறு. அந்த நூலில் ஈஸா நபி, நான் மஸீஹ் அல்ல என்கிறார்கள். குர்ஆன் அவர்களை அல்மஸீஹ் என்றே அழைக்கிறது. எங்கள் நம்பிக்கைக்குச் சாட்சி என்று நான் தூக்கிக்கொண்டு திரிந்த புத்தகம் எங்கள் வேதத்தையே மறுக்கிறது. முப்பது வருசம் நான் அதைத் திறந்து பார்க்கவில்லை.

ஒரு மௌலவி நண்பரிடம் கேட்டேன். "அந்தப் புத்தகத்தை நம்பச் சொல்லி எங்களுக்கு யார் கடமையாக்கினது? கேள்விப்பட்ட செய்தியை விசாரிக்கச் சொல்லித்தானே கடமை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

என் ஈமான் இதனால் மாறவில்லை. இன்ஜீல் பற்றிக் குர்ஆன் சொல்வதை நான் நம்புகிறேன். அதை இளவாலைப் பெரியவர் நம்பவேண்டியதில்லை. ஆனால் என் நம்பிக்கைக்குப் பொய்ச் சாட்சி தேவையில்லை.

இன்னும் ஒன்று என்னை உறுத்தியது. எங்களிடமும் தெரிவு நடந்திருக்கிறது. கலீஃபா உஸ்மான் (ரலி) காலத்தில் குர்ஆன் ஒரே முறையில் பிரதி எடுக்கப்பட்டு ஊர்களுக்கு அனுப்பப்பட்டது. மற்றப் பிரதிகள் எரிக்கப்பட்டன. இதை எதிரிகள் சொல்லவில்லை, புகாரி கிரந்தத்திலேயே இருக்கிறது. அந்த இமாம் புகாரியே லட்சக்கணக்கான அறிவிப்புகளைக் கேட்டுச் சலித்து ஒரு சிறு பகுதியைத்தான் எழுதினார் என்று பெருமையாகச் சொல்கிறோம். நாங்கள் செய்தால் அது பேணிக்கை. அவர்கள் செய்தால் அது ஒளிப்பு. இந்த இரட்டைத் தராசை எந்தக் கடையில் கண்டாலும் நாங்கள் சண்டை பிடிப்போம் இல்லையா?

இதை ஆசிரியர் அறையில் சொன்னபோது எங்கள் தமிழ் ரீச்சர் சிரித்தார். "எங்கட தேவாரத்தை மனுசர் விலக்கேல்லை சேர், கறையான் விலக்கினது" என்றார். சிதம்பரத்தில் பூட்டிக் கிடந்த ஏடுகளில் பெரும்பகுதி செல்லரித்துப் போக, மிஞ்சியதை நம்பியாண்டார் நம்பி திருமுறையாகத் தொகுத்த வரலாற்றைத்தான் சொன்னார். எந்த வேதமும் ஆகாயத்திலிருந்து கட்டுக் குலையாமல் எங்கள் மேசைக்கு வந்து விழவில்லை. யாரோ படி எடுத்திருக்கிறார்கள், யாரோ தெரிந்திருக்கிறார்கள், யாரோ தீயிலும் தண்ணீரிலும் காப்பாற்றியிருக்கிறார்கள்.

விலக்கப்பட்டது முழுதாகப் போவதும் இல்லை. நாங்கள் புத்தளத்தில் இருந்த காலத்தில் ஒவ்வொரு வருசமும் தலவில அன்னம்மாள் திருவிழாவுக்குச் சனம் பஸ் பஸ்ஸாகப் போகும். இளவாலையிலும் அன்னம்மாள் கோயில் இருக்கிறது. மர்யம் (அலை) அவர்களின் தாயாருக்கு அன்னாள் என்று பெயர். ஆனால் 66 புத்தகத்திலும் தேடுங்கள், 73இலும் தேடுங்கள், மரியாளின் தாயார் பெயர் கிடைக்காது. அது யாக்கோபின் முதல் சுவிசேஷம் என்ற, பைபிளில் சேராத ஒரு பழைய நூலில் இருந்து வருகிறது. மர்யம் ஆலயத்தில் வளர்ந்ததும், அவர்களைப் பொறுப்பேற்பது யார் என்று சீட்டுப் போட்டதும் குர்ஆனில் எங்களுக்குத் தெரிந்த சம்பவங்கள். அவற்றுக்கு ஒத்த கதைகள் அந்த நூலிலும் உண்டு. பட்டியலில் இடம் கிடைக்காத ஒரு புத்தகம் கோயிலாகவும் திருவிழாவாகவும் எங்கள் கண்முன்னே நிற்கிறது.

இதையெல்லாம் அடுத்த கிழமை வகுப்பில் சொன்னேன். முதல் வசனம் இதுதான்: "போன கிழமை நான் சொன்னது பிழை." சொல்லும்போது கை கொஞ்சம் நடுங்கியது. அந்த வகுப்பில் என் சமயத்தைச் சேர்ந்தவர் வேறு யாரும் இல்லை. திரும்பி வந்த எங்களைப் பார்த்து, இவர்கள் இப்படித்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம் எப்போதும் உள்ளுக்குள் இருக்கும். பிழையை ஒத்துக்கொண்டால் அந்தப் பயம் கூடும் என்று நினைத்தேன். கூடவில்லை. ஒரு பெடியன் மட்டும் கேட்டான், "சேர், அப்ப சோதினைக்கு எதை எழுதுறது?" எல்லோரும் சிரித்தோம்.

பிறகு ஒரு சனிக்கிழமை அந்த அப்பப்பாவின் வீட்டுக்குப் போனேன். தேநீர் தந்தார். நான் எழுதிக் கொண்டுபோன குறிப்பை மூக்குக்கண்ணாடியைப் போட்டு முழுதாக வாசித்தார். வலிகாமம் வடக்கில் அவர்களும் வீடு வாசலை விட்டு நெடுங்காலம் முகாம்களில் இருந்தவர்கள். கொஞ்ச நேரம் பொறுத்துக் கேட்டார், "தம்பி, ஓடேக்க உங்கட வீட்டில இருந்து என்ன புத்தகம் கொண்டு போனீங்கள்?"

குர்ஆன் ஒன்று கொண்டுபோனோம். வாப்பா கை எழுத்தில் பிரதி எடுத்து வைத்திருந்த அறபுத்தமிழ்க் கிதாபுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அதைத் தூக்க முடியவில்லை. உம்மாவின் கையில் தம்பி, வாப்பாவின் கையில் மூத்தம்மா. திரும்பி வந்தபோது சோனகத் தெருவில் எங்கள் வீட்டுக்குக் கூரையே இல்லை. அந்தக் கிதாபுகளை யாரும் திட்டம் போட்டு ஒளிக்கவில்லை. தூக்க ஒரு கை குறைந்தது, அவ்வளவுதான்.

அவரும் சொன்னார், அவர்கள் ஓடும்போது விட்டுவந்த பழைய பைபிள் ஒன்றைப் பற்றி. அவருடைய தாத்தா காலத்துப் பிரதி. ஓரத்தில் குடும்பத்தின் பிறப்பு இறப்பு எல்லாம் எழுதியிருந்ததாம்.

அதனால் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் வீடுகளில் பழைய வேதாகமமோ, ஏடோ, தேவாரப் புத்தகமோ, அறபுத்தமிழ்க் கிதாபோ இருந்தால் கடதாசிக்காரரிடம் போடாதீர்கள். யாருடையது என்று பார்க்காமல் எடுத்து வையுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் ஒரு ஆசிரியரிடம் காட்டுங்கள். அடுத்தவருடைய வேதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டி வந்தால், முதலில் அதை வாசிக்கிறவர் வீட்டில் ஒரு தேநீர் குடித்துவிட்டுச் சொல்லுங்கள். நான் அதைப் பிந்தித்தான் செய்தேன்.

இதில் பிழை இருந்தால் சொல்லுங்கோ. இந்த முறை உடனே திருத்துவேன், இன்ஷா அல்லாஹ்.